கேமராவுக்கு வெளியே ஒரு குடும்பம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கோலா சாவா தோட்டக் குடியிருப்பில் என் தங்கை வீட்டில் இருந்தேன். வேலை பற்றி ஆலோசனை கேட்க. எனக்கில்லை... அவள் மகள் தர்ஷினிக்கு. எஞ்சினியரிங் கடைசி வருஷம்.

அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல வழக்கம். படித்து முடித்து வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள், இப்போது படிக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒருவராக வழிகாட்டுகிறார்கள். லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேச்சு. தர்ஷினிக்கு வாய்த்தவர் மாலதி. பினாங்கில் எஞ்சினியர்.

என் காலத்தில் இதெல்லாம் ஏது? பள்ளியைப் படிவம் மூன்றோடு நிறுத்தியவன் நான். லோரி எங்கே போனதோ அங்கே என் வேலை. சி ரூசா கடற்கரையில் மீன் கடையில் தட்டு கழுவினேன். ஜொகூரில் செங்கல் தூக்கினேன். சில நாள் பஸ் ஸ்டாண்டில் தூக்கம். பசித்தது, சமாளித்தேன். யாராவது 'இப்படிப் போ' என்று சொல்லியிருந்தால், சில ஊர்களுக்குப் போகாமலேயே இருந்திருப்பேன் — அவ்வளவுதான்.

தர்ஷினியின் சிக்கல் வேறு. வடக்கே தொலைவில், பினாங்கில் கம்ப்யூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலை ஒன்று வேலை கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவள் அப்பா முனியாண்டியோ, வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில், தம்பினில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலைக்கு ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்.

மாலதி லைனில் வந்தார். கேமராவில் தெரிந்தது தர்ஷினி மட்டும். தெரியாதது — அப்பா, அம்மா, நான், பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா. தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு முக்கியமான விஷயம் என்றால் எல்லாரும் கூடிவிடுவோம். கூடினால் சும்மா இருப்போமா?

"தர்ஷினி, உனக்கு என்னாதான் ஆசை?" என்று கேட்டார் மாலதி.

"வீட்டுக்குக் கிட்டக்க வேலனா போதும் லா!" — பதில் சொன்னது புஷ்பம் அக்கா.

மாலதி சிரித்துவிட்டார். "குரலு திடீர்னு மாறிப் போச்சே! யாரு அங்க? முகத்தக் காட்டுங்க."

முனியாண்டி மச்சான் வந்து குனிந்தார். அவர் நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"நான் தர்ஷினியோட அப்பா. நீ எந்த ஊரும்மா?"

"தம்பின் பக்கம் எஸ்டேட்டு, அங்கிள்."

"எந்த எஸ்டேட்டு? அப்பா என்னா வேல?"

வழிகாட்ட வந்தவருக்கு இன்டர்வியூ ஆரம்பமாகிவிட்டது. எங்கே தங்கல்? யார் சமையல்? கோயில் பக்கத்தில் உண்டா? மாலதி சளைக்காமல் பதில் சொன்னார். கடைசியில் மச்சான் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"அங்க நமக்குனு யாரும் இல்லியேம்மா. காய்ச்சல்னு படுத்தா யாரு பாக்கறது?"

"எனக்கும் யாரும் இல்ல அங்கிள். மொத மாசம் அழுதுகிட்டேதான் இருந்தேன். காய்ச்சலும் வந்துச்சு. பக்கத்து ரூமுல, கிளந்தான்லேர்ந்து வந்த பொண்ணு கஞ்சி வச்சுக் குடுத்தா. இன்னிக்கி அவதான் என் கூட்டாளி. பொய் சொல்ல மாட்டேன்... கஷ்டமாதான் இருக்கும்."

'எல்லாம் சூப்பர்' என்று சொல்லியிருந்தால் மச்சான் லேப்டாப்பையே மூடியிருப்பார். கஷ்டம் என்றதும் நம்பிவிட்டார். அவரும் கஷ்டத்தை மட்டுமே நம்பி வளர்ந்த ஆள்.

"இப்ப தர்ஷினி சொல்லட்டும்," என்றார் மாலதி.

தர்ஷினி வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பக்கமே பாக்குற. அங்கிள், கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?"

பெற்றவரை, அவர் வீட்டிலிருந்தே வெளியே போகச் சொல்வதா? தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக் காய்த்துப் போன மச்சானின் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. பிறகு விட்டது.

"எந்திரிங்க எல்லாரும்," என்றார்.

மோட்டார் சைக்கிள் பக்கத்தில் போய் நின்றோம். உள்ளே கதவைச் சாத்தினாள் தர்ஷினி.

"என்னா பேசறாங்கன்னே கேக்கலியே," என்றார் புஷ்பம் அக்கா.

"அதுக்குத்தானே சாத்துனது," என்றாள் தங்கை.

பினாங்கா, தம்பினா? எங்கள் யாருக்கும் தெரியாது. பிள்ளை உள்ளே முடிவெடுக்க, நாங்கள் வெளியே காத்திருக்கும் நிமிஷம் அந்த வீட்டில் இதற்கு முன் வந்ததில்லை.

கதவு திறந்தது.

"பினாங்குக்குப் போறேன்ப்பா. கிளினிக்ல நீங்க சொல்லிடறீங்களா, நான் சொல்லவா?"

போகட்டுமா என்று கேட்கவில்லை — கவனித்தீர்களா?

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "நான் சொல்லிக்கிறேன். நீ மாலதிய லைன்ல வை. அந்தக் கிளந்தான் பொண்ணு இருக்கிற வீட்ல ரூமு காலியா இருக்கானு கேக்கணும்."

நம் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. வீடு நிறைய இருக்கிறோம். எங்களைக் கிளப்பி வெளியே அனுப்பத்தான் படித்த பெண் ஒருத்தி வேண்டியிருக்கிறது.

புஷ்பம் அக்கா இதைப் படிப்பார்... படிக்கட்டும்!