யோசப்பின் போட்ட சட்டம்

இத்தாலியின் பலெர்மோ நகரில் தமிழருக்கென்று ஒரு உதைபந்தாட்ட அணி இருக்கிறதென்றால் அதற்கு முதல் காரணம் நான். இதை நானே சொல்லக் கூடாது என்பார்கள். வேறு யாரும் சொல்லாதபடியால் நானே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இந்தச் சவிரிமுத்து. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் தட்டுக் கழுவித் தொடங்கி, இன்றைக்கு நகரத்துக்குள் சீசாப் பகுதியில் இரண்டு கதவு வைத்த பலசரக்குக் கடைக்கு முதலாளி. அணியின் முதல் ஜேர்சி, முதல் பந்து, கோல் கம்பத்து வலை எல்லாம் என் கையால் வாங்கியவை. அணிக்குத் தலைவரும் நான்தான். யாரையும் பார்த்து மலைத்து நிற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பெரிய ஆயர் கோயிலுக்கு வந்தபோதும் நிமிர்ந்து நின்றுதான் கை கொடுத்தேன். அப்படிப்பட்ட நான் ஒரு மனிசியைப் பார்த்து மலைத்து நின்ற கதை இது.

பெயர் யோசப்பின். மன்னார், பேசாலைப் பக்கம். பலெர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். கணவன் மொண்டெல்லோக் கடற்கரையில் கோடை முழுக்கக் குடை விரித்து மடக்குகிற வேலை. யோசப்பினுக்கு ஒரு வயோதிப சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, வீட்டில் பார்த்துக்கொள்கிற வேலை. சிஞ்ஞோரா நுன்சியாவுக்கு வயது எண்பத்தொன்பது, ஒரு கண் தெரியாது, மற்றது மங்கல், பிடித்துக்கொண்டால் நாலு அடிதான் நடப்பார், வாய் மட்டும் இருபது வயதுக்காரியின் வாய். அவருடைய புருஷன் உயிரோடு இருந்தவரை பலெர்மோ உதைபந்து மைதானத்தில் நிரந்தர ஆசனம் வைத்திருந்தவராம். அவர் போன பிறகு சிஞ்ஞோரா எல்லா ஆட்டமும் டிவியில் பார்ப்பார். பக்கத்தில் யோசப்பினும் இருக்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு உதைபந்தாட்டம் பார்க்கிற ஒரே தமிழச்சி என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

முன்பென்றால் யோசப்பினை நான் 'அவள்' என்றுதான் எழுதியிருப்பேன், என்னைவிட வயதில் அவ்வளவு இளையவர். இப்போது கை வரவில்லை.

ஒரு தடவை அவர்களுடைய கட்டடத்தில் லிப்ட் பழுதாகிவிட்டது. நாலாம் மாடி. திருத்துவதற்கு மாதக்கணக்கில் இழுபட்டது. ஞாயிறு பூசைக்கு சிஞ்ஞோராவை எப்படிக் கொண்டுவருவார் என்று நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க, சக்கர நாற்காலி கோயில் வாசலில் வந்து நின்றது. யோசப்பின் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார். முதலாம் மாடி வக்கீல், மூன்றாம் மாடியில் இருந்த வாத்தியார், அவருடைய இரண்டு மகன்மார். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கச் சொல்லி, தான் முன்னால் படியிறங்கி "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு வந்தாராம். லிப்ட் திருத்துகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் இது நடந்தது. வக்கீலுக்கு முதுகு பிடித்துக்கொண்டதாகவும், அப்படியும் வராமல் நிற்கப் பயந்ததாகவும் கேள்வி.

இனி அணிக்கு வருகிறேன்.

எங்களுக்குப் பெரிய எதிரி மொரீசியஸ்காரர். அவர்களும் தமிழ் வழி வந்தவர்கள்தான், முருகனைக் கும்பிடுகிறவர்கள், ஆனால் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். மொண்டெல்லோவில் கோடை வேலை முடிந்து பெடியளுக்கு ஓய்வு கிடைக்கிற செப்டெம்பர் கடைசியில் ஒவ்வொரு வருடமும் போட்டி வைப்போம். மூன்று வருடம் தொடர்ந்து அவர்களிடம் தோற்றோம். மூன்றாவது தோல்வியின்போது எங்கள் கோச் இராஜதுரை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தொப்பியைக் கழற்றி மைதானத்தின் எல்லைக் கோட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

புதுக் கோச்சுக்காகக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டேன். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னேன். அது நான் விட்ட பிழை.

முதலில் அல்பேட் எழும்பினார். எங்கள் அணியில் கோல் போடுகிற பிரதீஸின் தகப்பன். "மன்னார்ப் பெடியளை ஓரத்தில இருத்தி வைக்காத ஆளா வேணும்" என்றார்.

"அப்ப தீவுப் பெடியள் என்ன, தண்ணிப் போத்தல் தூக்கவோ?" என்று பின்னாலிருந்து யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்துத் தகப்பன் ஒருவரின் சத்தம்.

விமலராணி, பாடகர் குழுவை நடத்துகிறவர், "தூசணம் பேசாத ஆள் வேணும். கோயில் ரீம் எண்ட நினைவு இருக்கோணும்" என்றார்.

"தூசணம் இல்லாமல் உதைபந்தோ அக்கா? அதுக்குச் செபமாலை சொல்லலாம்."

ஒருவர் இத்தாலியன்தான் வேண்டும், கோச்சுக்குப் படித்த பத்திரம் வைத்திருக்கிற ஆள் வேண்டும் என்றார். இன்னொருவருக்குச் சத்தம் பெரிதாக இருக்க வேண்டும். வேறொருவருக்கு, தன்னுடைய மகனை நடுவில் விட வேண்டும். நான் என்ன கேட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். தலைவர் சொன்னால் கேட்கிற ஆள் வேண்டும் என்றேன்.

கதவுப் பக்கம் சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்ற யோசப்பின் கேட்டார், "நான் ஒண்டு சொல்லட்டே அண்ணை?"

"சொல்லு பிள்ளை."

"எல்லாரும் கேட்டது ஒரே ஆளைத்தான். நீங்கள் சொல்லுறதைக் கேக்கிற கோச். அந்த ஆள் இராஜதுரை அண்ணைதான். கேட்டுக் கேட்டு மனுசனுக்குக் காது போட்டுது. கோட்டோரத்தில முப்பது தகப்பன்மார் நிண்டு கத்தினா பெடியன் ஆற்ற சொல்லைக் கேக்கிறது? அந்த ரீமை என்னட்டைத் தாங்கோ. நான் செய்யிறன்."

மண்டபம் சிரித்தது. அல்பேட் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "யோசப்பின், இது சிஞ்ஞோராவுக்குச் சூப் பருக்கிற வேலை இல்லை."

"ஓம், சூப் பருக்கிறது கஷ்டம். சிஞ்ஞோரா துப்புவா. உங்கட பெடியள் துப்பமாட்டினம் எண்டு நினைக்கிறன்."

இப்போது அல்பேட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் யோசப்பின் சிரிக்கவில்லை. நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்த ஊருக்கு வந்த நாள் தொடக்கம் மற்றவை சொல்லுறதைத்தான் செய்யிறன் அண்ணை. கூட்டு எண்டாக் கூட்டிறன், தூக்கு எண்டாத் தூக்கிறன். அதில எனக்குக் குறையில்லை. ஆனா ஒரு வேலையாவது நான் சொல்லி நடக்கோணும் எண்டு எனக்கு ஆசை. எனக்குத் தெரிஞ்ச வேலை இதுதான்."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் நான் தீர்ப்புச் சொன்னேன். மொரீசியஸ்காரரோடு ஆடுகிற ஆட்டம் வரைக்கும் அணி யோசப்பின் கையில். வென்றால் தொடர்ந்து அவருக்கு. தோற்றால் அடுத்த நாளே பத்திரம் வைத்திருக்கிற இத்தாலியனுக்கு. யோசப்பின் ஒத்துக்கொண்டார். ஆனால் தானும் ஒரு சட்டம் போட்டார்.

"ஆட்டம் நடக்கேக்க ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. எந்தத் தகப்பன், எந்தத் தாய் கத்தினாலும் அவையின்ர பிள்ளை வெளியில வரும். கத்துறதுக்கு எங்கட பக்கத்தில ஒராள் போதும். சிஞ்ஞோரா."

பயிற்சி தொடங்கிய மாலை நான் போய்ப் பார்த்தேன். பந்தே இல்லை. பாதிப் பெடியளின் கண்ணைத் துணியால் கட்டியிருந்தார். மற்றப் பாதி பின்னால் நின்று வாயால் வழி சொல்ல, கண் கட்டியவன் கம்பங்களுக்கு நடுவே ஓட வேண்டும். ஒருவன் போய்க் கம்பத்தோடு முட்டினான். முட்டியவனை விட்டுவிட்டு வழி சொன்னவனுக்குப் பேச்சு விழுந்தது.

"இது என்ன விளையாட்டு பிள்ளை?" என்று கேட்டேன்.

"சிஞ்ஞோராவை இப்பிடித்தான் அண்ணை குளிக்கக் கூட்டிக்கொண்டு போறனான். நான் பிழையாச் சொன்னா அவ விழுவா."

சிஞ்ஞோரா நாற்காலியிலிருந்து, அந்தக் கண் கட்டியவன் தன்னைவிட மோசமாக நடக்கிறான் என்று சிசிலிப் பாஷையில் ஏசிக்கொண்டிருந்தார்.

போட்டி நாள் வந்தது. சீசாவில் மாடி வீடுகளுக்கு நடுவே உள்ள மண் மைதானம். பல்கனிகளில் இத்தாலியர், எதிர்ப்பக்கம் மொரீசியஸ்காரர் மேளமும் பாட்டுமாய். எங்கள் பக்கம் செத்த வீடு. ஆண்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். விமலராணி கைக்குட்டையை வாய்க்குள் திணித்திருந்தார். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம். முப்பது தொண்டையும் ஒன்றாக விழுங்கின, ஒரு சத்தம் வெளியே வரவில்லை. சிஞ்ஞோராவின் குரல் மட்டும் தனியாக மேலே எழும்பி, எங்கள் கோல் காப்பாளரின் பரம்பரையை விசாரித்தது.

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். பெடியள் ஒருவரோடொருவர் கதைக்கிறார்கள். "சோலோ, சோலோ! தனிய நிக்கிறாய், திரும்படா!" "பின்னுக்கு ஆள் வாறான்!" "எனக்குத் தா, எனக்குத் தா!" பாதி தமிழ், பாதி பலெர்மோ இத்தாலியப் பாஷை. இத்தனை வருடம் எங்கள் கத்தலுக்குக் கீழே இவர்கள் வாய் மூடியே விளையாடியிருக்கிறார்கள். பின்வரிசையில் நிற்கிற என் மகன் விதுரனின் குரல் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது. வீட்டில் கேட்டால் பதில் சொல்லாத பெடியன், அங்கே பத்துப் பேரை நடத்துகிறான். ஒரு சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கையை இரண்டு தரம் அசைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத ஒரு மனிசி இதை உண்டாக்கியிருக்கிறார் என்று நம்ப முடியவில்லை.

இரண்டாம் பாதியில் பந்து எங்கள் காலை விட்டுப் போகவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவர்களுடைய ஆள் பிரதீஸை விழுத்த, நடுவர் பெனால்ரி கொடுத்தார். பிரதீஸ் பந்தை எடுத்து வைத்தான். பெனால்ரியைத் தவற விடாத பெடியன். இதைப் போட்டால் சமன், பிறகு வெல்லலாம், யோசப்பினுக்கு அணி. பிரதீஸ் பின்னால் நாலடி வைத்தான்.

"இடப்பக்கம் மகன்! இடப்பக்கம் அடி!"

அல்பேட். அவ்வளவு நேரமும் மரம்போல் நின்ற மனிதன். சொல்லி முடிந்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

யோசப்பின் கையைத் தூக்கினார். நடுவரைப் பார்த்து, ஆள் மாற்றுகிறேன் என்று காட்டினார். "பிரதீஸ், வெளியில வா."

அந்தப் பெடியன் பந்தையும் பார்த்தான், தகப்பனையும் பார்த்தான். நடந்து வந்தான்.

தலைவர் என்ற முறையில் நான் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "பிள்ளை, இது இப்ப வேண்டாம். அடிச்சாப் பிறகு எடு. தோத்தா ரீம் உனக்கில்லை, தெரியுந்தானே?"

"தெரியும் அண்ணை." முகத்தைத் திருப்பவில்லை. "உங்கட மகனும் உள்ளதான் நிக்கிறான்."

நான் பின்னால் வந்து என் இடத்தில் நின்றேன். இந்த ஊரில் எனக்கு இப்படிப் பதில் சொன்ன ஆள் கிடையாது.

"விதுரன், நீ அடி" என்றார்.

என் மகன் அதுவரை ஒரு பெனால்ரியும் அடித்ததில்லை. எப்படி அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாக்கின் நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். விதுரன் ஓடிவந்து பலமாக அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

கொஞ்ச நேரத்தில் விசில் ஊதியது. தோற்றோம்.

மொரீசியஸ்காரர் துள்ளினார்கள். எங்கள் பக்கம் யாரும் அசையவில்லை, யாரும் வாய் திறக்கவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது, இனிக் கத்தலாம், ஏசலாம், அல்பேட்டின் சட்டையைப் பிடிக்கலாம். ஒருவரும் செய்யவில்லை. எதிரணிக் கோச் செர்ஜ் கை கொடுக்க வந்தவர் எங்களைப் பார்த்துத் திகைத்து, இத்தாலிய மொழியில் என்னைக் கேட்டார், "உங்கட ஆக்களுக்கு என்ன நடந்தது? எல்லாருக்கும் சுகமில்லையா?"

யோசப்பின் சிஞ்ஞோராவின் கழுத்துத் துணியைச் சரிசெய்தார். நாற்காலியின் பிரேக்கை விடுவித்தார். என்னிடம் வந்து கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான் அண்ணை. நாளைக்கு அந்த இத்தாலியனுக்குச் சொல்லுங்கோ. விதுரனை ஏசாதேங்கோ, நல்லாத்தான் அடிச்சவன்." பிறகு எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். "இனி நீங்கள் கதைக்கலாம்."

யாரும் கதைக்கவில்லை. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். மண்ணில் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் அல்பேட் ஓடினார். அறுபது வயதை நெருங்குகிற, நூறு கிலோவுக்குக் குறையாத மனிதன் ஓடினார். தன்னைவிட இளையவரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அக்கா என்றார்.

"அக்கா, வெள்ளிக்கிழமைப் பயிற்சி எத்தினை மணிக்கு?"

யோசப்பின் நின்றார். என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொன்னவன் நான், சொன்ன தீர்ப்பை மாற்றாதவன் என்று பெயர் எடுத்தவன். ஆனால் அன்று அந்த மைதானத்தில் தலைவர் யார் என்று எனக்கு விளங்கியிருந்தது. விளங்குவதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. நான் நடந்து போய் அந்த விசிலை அவருடைய கழுத்தில் திரும்பப் போட்டேன்.

யோசப்பின் குனிந்து சிஞ்ஞோராவின் போர்வையை இழுத்துவிட்டார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஆறரைக்கு. ஆறு மணிக்குச் சிஞ்ஞோராவுக்கு மருந்து இருக்கு" என்றார். "பிரதீஸ் வரட்டும். நீங்களும் வாங்கோ அல்பேட் அண்ணை. உங்கட கண்ணையும் கட்டவேணும்."