ஆர்லிஸ் உடைத்த தோட்டாக்கள்

அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள் ஆர்லிஸ் தோர்விக். கடையில் தோட்டா கிடைக்காமல் போன வருஷம், சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளில் தானே வெடிமருந்து நிரப்பக் கற்றுக்கொண்டாள்; வேட்டைக்குப் போகும் எங்களுக்கும் செய்து தருவாள். பிள்ளைகளின் தட்டுகளைக் கழுவிவிட்டு வீங்கிய காலோடு வருவாள். வந்ததும் கார் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவாள்.

அவள் கணவனின் அண்ணன் கெர்மிட், தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தனக்கும் சொல்லிக்கொடு என்று விடாமல் நச்சரித்தார்.

"முதல்ல அந்த ரேடியோவ அணை," என்றாள் ஆர்லிஸ். "மேசையில ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும். ரெண்டு இருந்தா மாத்திப் போட்டுருவ. அளவு புத்தகத்துல இருக்கறதுதான், உன் இஷ்டத்துக்கு இல்ல. குண்ட வெச்சு மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பாரு."

"கேக் செய்யறதவிட கஷ்டமால்ல இருக்கு!"

"கேக் கெட்டா நாய்க்குப் போட்டுரலாம்."

பாதி வேலையில் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. இன்னொருத்தி வரவில்லையாம், நாளைக்கும் இவளே போக வேண்டுமாம். முனகிக்கொண்டே திரும்பி வந்தவள், விட்ட இடம் இதுதான், இவற்றில் மருந்து போட்டாயிற்று என்று நினைத்து மூடத் தொடங்கினாள். டார்ச்சை எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரளைக் குழியில் எங்களோடு கெர்மிட் ரிவால்வரால் தகரக் குவளைகளைச் சுட்டார். நாலைந்து நன்றாக வெடித்தன. அடுத்தது 'பொசுக்' என்றது. கையில் உதையே இல்லை. அவர் சிரித்துக்கொண்டே மறுபடி குறிபார்த்தார்.

"நிறுத்து! விரல எடு! கீழ பாத்துப் பிடி!"

அப்படி அவள் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, எல்லாத் தோட்டாக்களையும் வெளியே எடுத்தபின் குழலுக்குள் ஒரு குச்சியை விட்டாள். பாதியில் முட்டி நின்றது. மருந்தே இல்லாத தோட்டா. கூட்டின் அடியில் இருக்கும் தீப்பொறி மூடியின் சின்ன வெடிப்பு மட்டும் தள்ளியதில், குண்டு பாதி வழி போய் உள்ளேயே சிக்கியிருந்தது. இன்னொன்று சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும்.

கெர்மிட் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் பாக்காம மூடிட்டேன்," என்றாள் ஆர்லிஸ்.

வீட்டுக்கு வந்ததும் அன்று நிரப்பிய தோட்டாப் பெட்டி முழுவதையும் உடைக்க ஆரம்பித்தாள். தோட்டாவைச் சுத்தியல் மாதிரியான ஒன்றின் தலைக்குள் வைத்துத் தரையில் ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று விழும்.

"நல்லா இருக்கறதயும் ஏன் உடைக்கற? தராசுல வெச்சுப் பாத்தா தெரியாதா?"

"கூடே ஒண்ணுக்கொண்ணு எடை மாறும் கெர்மிட். எது நல்லதுன்னு வெளியிலேர்ந்து சொல்ல முடியாது."

தோள் வலிக்க அடித்தாள். அவள் கை ஓய்ந்தபோது அவர் வாங்கி அடித்தார். வேறெதிலும் தவறில்லை. ஒன்றில்கூட இல்லை என்று தெரிந்தபோது அவளுக்கு நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது.

இப்போது வேலை நாட்களில் அவள் மருந்து டப்பாவைத் திறப்பதில்லை. மான் வேட்டைக் காலம் தொடங்கிவிட்டது, எங்களுக்குத் தோட்டா வந்து சேரவில்லை. கேட்டால், "தூங்கி எழுந்து செய்யறேன்," என்கிறாள்.