ஸ்பார்க் வராத விஜயதசமி

என் கார் என்னைவிட மூத்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறவன் நான். அதனால் அந்தக் காரை ஓட்டுவதைவிட அதைப் பற்றி வாய் கிழியப் பேசுவதில்தான் எனக்குப் பெருமை. மனைவிக்கு ஆசிரியர் நியமனத்துக்கு நுவரெலியாவில் நேர்முகப் பரீட்சை என்று கடிதம் வந்ததும், காரிலேயே கூட்டிப்போகிறேன் என்று சொன்னவனும் நான்தான். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே படித்தவள் அவள். வயது எல்லை அந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் வேறில்லை.

ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். எங்கள் றொசல்லயிலிருந்து எப்படியும் இரண்டு மணி நேரம். ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரே பஸ் அதற்குள் போய்விட்டிருந்தது.

பெட்டரி சுற்றுகிறது, பெட்ரோல் மணக்கிறது. அப்படியென்றால் நெருப்புத்தான் இல்லை. ஒரு ப்ளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் இரும்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "திருப்பு" என்றேன். மனைவி புதுச்சேலை கசங்காமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து திருப்பினாள். ப்ளக் நுனியில் ஒரு பொறி கூட இல்லை.

எனக்கு உடனே கோபம் வந்தது. போன வாரம்தான் ஹட்டன் டவுனில் ஒரு மெக்கானிக், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை விட்டுவிட்டு வெட்டுகிற பொயின்ட்டை மாற்றியிருந்தார். போன் போட்டு அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பழைய சாமானை மாட்டி ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்தினேன். "சாமான் புதுசுதாங்க. பொயின்ட்ல நெருப்பு வருதான்னு மொதல்ல பாருங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பொயின்ட்டைத் தேய்த்து, திரும்ப மூடி, திரும்பக் கழற்றி, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தேன். மனைவி சீட்டை விட்டு இறங்கவில்லை. திருப்பு என்றால் திருப்பினாள்.

கடைசியில்தான் அவர் சொன்னதைச் செய்தேன். சாவியைப் போட்டு வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் பொயின்ட்டை விலக்கினேன். சின்னப் பொறி தெரிந்தது. ஆகவே அங்கே குற்றமில்லை. ப்ளக்குக்கு நெருப்பைக் கிளப்பி அனுப்புகிற கொயிலைத்தான் பார்க்க வேண்டும். டோர்ச்சை அடித்தேன். தடித்த வயர் செருகுகிற கொயிலின் கழுத்தில் சந்தனமும் குங்குமமும் குழைத்து ஒரு பெரிய பொட்டு. இராத்திரிப் பனிமூட்டத்தில் காயாமல், வழிந்து, பக்கத்துச் சின்ன வயர் வரைக்கும் இறங்கியிருந்தது. ஸ்பார்க் அந்த ஈரத்திலேயே ஓடிப் போயிருக்கிறது.

முதல் நாள் ஆயுத பூசை. பானெட்டுக்கும் சக்கரத்துக்கும் நான் பொட்டு வைத்தேன். உள்ளே வைத்தது அவளுடைய விரல். கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிறவளை அழவைக்கக் கூடாது என்று அப்படியே விழுங்கிக்கொண்டேன். துணியால் துடைத்தேன், ஊதிக் காயவைத்தேன். அடுத்த திருப்பில் எஞ்சின் பிடித்தது.

"பொயின்ட்ல அழுக்கு" என்றேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று தலவாக்கலை வரைக்கும் எனக்குள் மெச்சிக்கொண்டே ஓட்டினேன்.

நானுஓயா தாண்டியதும் அவள் சொன்னாள். "நேத்து உள்ளுக்கும் நாந்தான் பொட்டு வச்சேன். இன்னைக்குப் போற காரியம் நல்லா நடக்கணும்னு. நீங்க ப்ளக்கக் கழட்டும்போதே நெனச்சேன், அதுவா இருக்குமோன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கத்துவீங்க. அழுத கண்ணோட அங்க போய் ஒக்கார ஏலாதுங்க."

இத்தனை வருஷம் படித்ததெல்லாம் கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே, என் வாய்க்குப் பயந்து அந்த முக்கால் மணி நேரமும் சாவியைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் இறக்கிவிட்டேன். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. மெக்கானிக்கிடம் அன்றைக்கே போனில் மன்னிப்புக் கேட்டேன். அவளிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.