மதினி எடுத்துக் கொடுத்த காளி வேஷம்

காந்தி ஜெயந்திக்குப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. அப்போது நான் பத்தாம் வகுப்பு. முந்தின வருஷம் பாரதமாதாவாக மேடையேறிப் பரிசில்லாமல் இறங்கிய கடுப்பு எனக்குத் தீரவேயில்லை. இந்தத் தடவை முதல் பரிசு வாங்காமல் விடுவதில்லை என்று குதித்துக்கொண்டிருந்தேன். சும்மாவே எனக்கு ஆங்காரம் ஜாஸ்தி.

அடுத்த வீட்டு அண்ணாச்சிக்கு விசைத்தறியில் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் பிள்ளையில்லை. குலசைக் கோயில் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுவதாக நேர்ந்து, மாலை போட்டு விரதம் இருந்தார். வேஷத்துக்கான சிவப்புச் சேலையும் கிரீடமும் சாமி படத்தின் முன்னால் இருந்தன. அவற்றை வேறு யாரும் உடுத்தக் கூடாது. தெரிந்தேதான் அவர் பெண்டாட்டியிடம், எனக்கு மதினியிடம், போய்க் கேட்டேன்.

"அய்யய்யோ, நேர்ச்சைச் சாமான்ட்டி! அவியளுக்குத் தெரிஞ்சா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாவ."

"ஒரு மணி நேரந்தான் மதினி. அண்ணாச்சி தறியில இருந்து வாரதுக்குள்ள கொண்டாந்துருதேன்."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மதினிக்கு மனசு கேட்கவில்லை. "ஏட்டி, சுத்தமாத்தான இருக்க?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று கூசாமல் சொன்னேன். அன்றைக்கு எனக்குத் தூரம், இரண்டாம் நாள்.

நாக்கைத் துருத்திக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் அலறிவிட்டார்கள். முதல் பரிசு எவர்சில்வர் டம்ளர். மத்தியானத்துக்குள் மதினி எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டாள். அண்ணாச்சி ஒன்றும் தெரியாமல் அதையே கட்டிக்கொண்டு குலசைக்குப் போய்வந்தார்.

தை மாதம் மதினி முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. அதோடு சரி, பிறகு உண்டாகவேயில்லை.

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கோமதியம்மன் கோயிலுக்குப் போனாலும் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். கேட்டவர்களிடம் உள்ளே ஒரே கூட்டம் என்று சொன்னாள். காரணம் எனக்குத் தெரியும். தீட்டுப் பட்டால் கரு கலையும் என்பதை நான் இன்றைக்கு நம்பவில்லை. ஆனால் மதினி அதையெல்லாம் நம்புகிறவள், குற்றம் தன்மேல்தான் என்று நினைத்தாள். பொய் சொன்னவள் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி என் தலைக்கு வந்திருக்கும், அவள் உள்ளே போயிருப்பாள். சொல்ல வாய் வரவில்லை, பாவி எனக்கு.

கல்யாணமாகித் தலைப்பிள்ளையோடு ஊருக்கு வந்தபோது பிள்ளையை அவளிடம் நீட்டினேன். சட்டென்று கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் தாயி. நேர்ச்சைச் சாமானை எடுத்துக் குடுத்த கை. பச்சப்பிள்ளைக்கு ஆகாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வயிறெரிந்து என் பிள்ளையை ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். பிள்ளையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டேன்.

மதினி இரண்டடி தள்ளி நின்று, தொடாமலேயே, என் பிள்ளைக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள்.