பீரங்கிக்குப் பின்னால் ஒரு சமையல் குழி

என் மைத்துனன் பொய் சொன்னான். நான் பட்டாளத்தில் சோறாக்கிப் போட்டவன் என்று எங்கள் ஊர் கச்சிராயபாளையம் முழுக்கச் சொல்லி வைத்தவன் அவன்தான். வேறு யாரும் இல்லை.

நான் விமானத்தைச் சுடும் பீரங்கிப் படையில் பதினேழு வருஷம் இருந்தவன். வங்கதேசச் சண்டை நடந்த குளிர்காலத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு பீரங்கிக் குழிக்குள் கிடந்தேன். நாலு நாலு குண்டாகச் சேர்த்துக் கோத்து வைத்திருப்பார்கள். அதைத் தூக்கி மேலிருந்து பீரங்கிக்குள் திணிக்க வேண்டும். அதுதான் என் வேலை. எதிரி விமானம் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் சுட்டோம். விழவில்லை, ஓடிப்போனது. விழுந்தது என்று சொல்லியிருந்தால் ஊர் என்னை மதித்திருக்கும். நான் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில் என் இடது காது போனது. இன்றைக்கும் யாராவது இடது பக்கம் நின்று பேசினால் சும்மா தலையாட்டி வைப்பேன். இப்படித் தலையாட்டி, வருவதாக ஒப்புக்கொண்டதே தெரியாமல், போகாமல் விட்ட கல்யாணங்கள் நிறைய.

ஊர் அவனை நம்பியதற்குக் காரணம் ஒரு போட்டோ. எங்கள் ஆள் ஒருவனிடம் கேமரா இருந்தது. பீரங்கியைப் படம் எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. அதனால் லங்கருக்கு முன்னால் நிற்க வைத்தான். லங்கர் என்றால் பட்டாளத்துச் சமையல் குழி. கையைத் தொங்கப் போடாதே, எதையாவது பிடி என்றான். கரண்டியைப் பிடித்தேன். அந்தப் படத்தைத்தான் வீட்டுக்கு அனுப்பினேன். மைத்துனன் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் சைக்கிள் கடையில் மாட்டினான். பஞ்சர் ஒட்ட வந்தவன் எல்லாம் பார்த்தான்.

"இன்னாப்பா, உங்க மாமா பட்டாளத்துல சமையலா?"

"ஆமாண்ணா. ஐந்நூறு பேருக்குத் தனி ஆளா ஆக்குவாரு."

பெருமையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னைப் பந்தலில் உட்கார விடுவதில்லை. "மாமா வந்துட்டாரு, சாம்பாரு உப்பு பாக்கச் சொல்லு" என்று பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள்.

அவனுக்கு உண்மை தெரியாது என்று யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த, என் வேலை எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிப் படித்துப் பார்த்து, தாலுகா ஆபீசுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் அவன்தான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்களில், கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பொருட்காட்சி போட்டார்கள். கைவினைப் போட்டியும் உண்டு, யார் வேண்டுமானாலும் மாதிரி செய்து கொண்டுவரலாம். தீர்ப்புச் சொல்லக் கடலூரிலிருந்து ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் வருகிறார் என்று நோட்டீஸில் இருந்தது. எனக்கு அது போதும். பாலைவனத்தில் எங்கள் பீரங்கி நின்ற இடத்தை அப்படியே செய்து வைப்பேன். கர்னல் பார்த்ததும் புரிந்துகொள்வார். 'இவன் பீரங்கிக்காரன்' என்று மைக்கில் சொல்வார். ஊரில் நாலு பேர் கேட்டால் போதும்.

பழைய கட்டில் பலகை ஒன்றை எடுத்தேன். நாலடி நீளம், இரண்டடி அகலம். கோமுகி ஆற்று மணல் கறுப்பும் பழுப்புமாக இருக்கும், பாலைவன மணலோ மாவு மாதிரி. என் வீட்டுக்காரியின் சல்லடையில் மூன்று தடவை சலித்து மஞ்சள் காவி கலந்தேன்.

"அந்தச் சல்லடைய இனிமே நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள்.

குடைக்கம்பியைச் சுற்றித் தகரத்தைச் சுருட்டிக் குழல் செய்தேன். குழல் முனையில் புனல் மாதிரி விரிந்திருக்கும். அதற்குப் பற்பசை மூடி. சுடும்போது பீரங்கி சக்கரத்தில் நிற்காது, நாலு காலை நீட்டி ஊன்றிக்கொள்ளும். அதையும் சரியாகச் செய்தேன். சுற்றிலும் மணல் மூட்டை வேண்டும். என் காக்கிச் சட்டையை வெட்டி விரல் நீளத்துக்குப் பை தைத்தேன். மணல் போட்டால் தையல் வழியாக ஒழுகியது. வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வந்த தினை வீட்டில் இருந்தது. அதைப் போட்டால் மூட்டை கும்மென்று நின்றது. எனக்கு என் மூளைமேல் பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாள் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் முன்பக்கச் சுவர் முழுக்கச் சப்பையாகக் கிடந்தது. எறும்பு வரிசையாகத் தினையைத் தூக்கிக்கொண்டு போகிறது. எதிரி விமானத்தால் முடியாததை எறும்பு முடித்துவிட்டது. எல்லா மூட்டையையும் பிரித்து மரத்தூள் அடைத்துத் திரும்பத் தைத்தேன். அதனால் மூன்று நாள் பொருட்காட்சியில் கடைசி நாளுக்குத்தான் கொண்டுபோக முடிந்தது.

பீரங்கிக்குப் பின்னால் லங்கரையும் வைத்தேன். ஏன் வைத்தாய் என்று இப்போது கேட்பவர்கள் அன்றைக்கு என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இருந்தது, வைத்தேன். எனக்குப் பொய்யாகச் செய்ய வராது. அதில் என் வீட்டுக்காரியும் கை வைத்தாள். சோடா மூடியைத் தட்டிச் சோறாக்கும் டேக்சா செய்தாள். கோதுமை மாவைப் பிசைந்து மிளகளவு உருட்டி, குண்டூசித் தலையால் தேய்த்து, வெயிலில் காயவைத்து நாற்பது சப்பாத்தி அடுக்கினாள். பார்த்துவிட்டு அவளே சொன்னாள்:

"சட்டி பானைதான் நெஜமா இருக்குது. உங்க பீரங்கி இன்னாமோ தண்ணிக் கொழாய் மாதிரி இருக்குது."

கடைசி நாள் விடிந்தால் ரோட்டு மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பஸ் இல்லை. அக்காள் சொல்லைத் தட்ட முடியாமல் மைத்துனன் வந்தான். பலகையை முன்னால் நானும் பின்னால் அவனுமாகத் தோளில் வைத்து, தூசி படாமல் வெள்ளை வேட்டியால் மூடிக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்கு நடந்தோம்.

முதல் மரத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். தலைத்துண்டை அவிழ்த்தார்கள். "சாவுடா, வழி வுடுங்க" என்று ஒருவன் கிளையை ஒதுக்கினான். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது தாண்டிவிட்டோம். இரண்டாவது மரத்திலும் அப்படியே. மூன்றாவது மரத்தில் ஒரு பெரியவர் பக்கத்திலேயே வந்து, "யாருங்க தவறுனது? சின்னப் புள்ளைங்களா?" என்று கண் கலங்கிக் கேட்டார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"யாரும் சாவல. விமானம் சுடுற பீரங்கி" என்றேன்.

முப்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். வேட்டியை விலக்கினார்கள். ஒருவன் குனிந்து பார்த்து, "டேய், இங்க பார்ரா, சப்பாத்தி!" என்றான். அவ்வளவுதான். பீரங்கியை ஒருத்தனும் பார்க்கவில்லை.

அவர்கள் கேட்ட ஒதுக்கீடு நியாயம், மரத்தை வெட்டினது தப்பு என்று இரண்டையும் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "அப்புறமா திட்டுங்க மாமா, இந்த அடுப்பைப் பாருங்க" என்றார்கள். வெட்டின பச்சைப் புளிய விறகை மூன்று கல்லுக்கு நடுவில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள். புகைதான் வந்தது. அண்டாவில் அரிசி அரைவேக்காட்டில் கிடந்தது. ஐம்பது பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன செய்ய? கடப்பாரை வாங்கி, காற்று வரும் பக்கம் வாய் வைத்து நீளமாகக் குழி வெட்டி, காய்ந்த சருகைக் கீழே போட்டு, பச்சை விறகைக் குழி ஓரத்தில் அடுக்கிச் சூடு காட்டி எரியவிட்டேன். சோறு வெந்தது.

மைத்துனன் மரத்தின்மேல் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுக்கொண்டே எல்லோரிடமும் சொன்னான்: "நான் சொல்லல? பட்டாளத்துக் கை."

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லங்கர்க்காரனுக்கு மஞ்சள்காமாலை வந்து அனுப்பிவிட்டார்கள். பத்தொன்பது நாள் நாங்கள் முறை வைத்து ஆக்கினோம். அப்போது கற்றதுதான் அந்தக் குழி. பத்தொன்பது நாள் பஸ்ஸில் போனவன் டிரைவர் ஆகிவிடுவானா?

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கர்னல் இல்லை.

"உளுந்தூர்பேட்டைக்கு அந்தாண்டயே மாட்டிக்கினாருங்க" என்றார் தலைமையாசிரியர். அவருக்குப் பதிலாக அதே பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் அம்மாவைத் தீர்ப்புக்கு உட்கார வைத்திருந்தார்கள். அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. பொறுமையாகக் குனிந்து பார்த்தார்.

"புகை போறதுக்கு வழி வெச்சிருக்கீங்களே! எங்க சமையக் கூடத்துல கூட இல்லீங்க."

"அம்மா, முன்னால பீரங்கியைப் பாருங்க."

"பாத்தேங்க. தண்ணிக்குக் கொழாய் கூட மறக்காம வெச்சிருக்கீங்க."

நான் விளக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா பலகையைச் சுற்றிக்கொண்டு என் இடது பக்கம் வந்து ஏதோ கேட்டார். ஒலிபெருக்கி வேறு அலறிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மைக்கில் அறிவித்தார்கள். சமையற்கூட மாதிரிகளில் முதல் பரிசு எனக்கு. எவர்சில்வர் குத்துப்போணிப் பாத்திரமும் ஒரு சான்றிதழும். கூட்டம் கை தட்டியது. அப்புறம் அந்த அம்மாவே சொல்லித்தான் தெரிந்தது, அவர் என்னிடம் கேட்டது, "இதைச் சமையல் பிரிவுல போட்டுடலாமாங்க?" என்று. பீரங்கி தின்ற காது கடைசியில் என்னைச் சமையல்காரன் ஆக்கியது.

அந்தச் சான்றிதழையும் மைத்துனன் சட்டம் போட்டு, கரண்டி போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினான். இன்றைக்கும் கடையில் தொங்குகிறது.

டேய் மைத்துனா, இதை நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும். வரும் ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது மைக் செட் கட்டுவார்கள். கூழ் பதம் பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். நான் அண்டா பக்கம் வரமாட்டேன், மேடைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு நீ மேடை ஏறு. ஊர் முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் சொல். அந்த அம்மா கேட்டபோது நீ என் வலது பக்கம் நின்றிருந்தாய், உனக்குக் கேட்டது, ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்? என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வேலை என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தது? மைக்கை வாயருகில் பிடித்து, சத்தமாகச் சொல். வலது பக்கத்திலிருந்து சொல்.