காதுகுத்தில் காணாமல் போன தாய்மாமன்

காது குத்துகிற நேரத்தில் தாய்மாமன் அழகுபாண்டி சரக்கடிக்க ஓடிவிட்டான். பேரையூர் முழுக்க இதுதான் பேச்சு. பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தான் என்று சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த அண்டாவுக்குப் பின்னால் ஒரு பூனை படுக்க இடமில்லை. நடந்தது வேறு. அதை முழுதாக அறிந்தவள் அவன் பெண்டாட்டி முத்துச்செல்வி ஒருத்திதான்.

கப்பலூர் கம்பெனியில் வேலை பார்க்கும் அழகுபாண்டி குடியை விட்டுப் பதினான்கு மாதம். "இனி ஒருக்கா வாடை வந்துச்சு, பிள்ளையத் தூக்கிட்டுப் பரவைக்கு எங்கப்பன் வீட்டுக்கே போயிருவேன்" என்று முத்துச்செல்வி சொல்லியிருந்தாள். சொன்னதோடு விடாமல் தினமும் அவன் சட்டையை மோந்தும் பார்ப்பாள்.

அன்று அக்கா மகனை மடியில் வாங்க, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தான். பின்னால் நாலு பேர் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தார்கள். அவனுக்கு முகம் வேர்த்தது. மாலையோடு எழுந்து போய்விட்டான்.

"தம்பி எங்க செல்வி? ஆசாரி ஊசியோட நிக்கிறாரு!" என்று பதறினாள் அக்கா முனீஸ்வரி.

"விருந்துன்னா மாப்ளைக்குத் தாகம் எடுக்காதா?" என்றார் அக்கா புருஷனின் பங்காளி வெள்ளைத்துரை.

முத்துச்செல்வி மோட்டார் ரூமில் அவனைப் பிடித்தாள். தலை நனைந்திருந்தது. வாயில் எலுமிச்சம்பழம். அந்தக் காலத்தில் வாடையை மறைக்க அவன் மென்றதும் அதைத்தான்.

"ஊதுய்யா."

ஊதினான்.

"இன்னொருக்கா."

எலுமிச்சை வாசம்தான். அப்போதும் நம்பாமல் மோட்டாருக்குப் பின்னால் பாட்டில் தேடினாள்.

"அந்தப் பாக்கெட்டுச் சத்தம்டி. கடையில அப்படிக் கடிச்சுத்தான சரக்குல தண்ணி ஊத்துவேன். கேட்டதும் நாக்கு ஊறி, கை நடுங்கிருச்சு. டாக்டர் சொன்னப்ப நீயும்தான இருந்த?"

இருந்தாள். டாக்டர் சொன்னது இதுதான்: "வருசக்கணக்காக் குடிச்சா மூளைக்குள்ள ஒரு புரதம் சேந்துரும்மா. குடிய நிறுத்துனாலும் சட்டுன்னு கரையாது. அது மாத்தி வச்ச மூளை, குடிச்ச காலத்துச் சத்தமோ வாடையோ பட்டா டோபமைன்னு ஆசையக் கெளப்புற ரசாயனத்தை அவுத்து விட்டுரும். நாளானா ஏக்கம் கொறையும்னு நம்பாதீங்க, சில பேருக்குக் கூடவும் செய்யும். அப்ப எடத்தை விட்டு நகந்துரணும்." புருஷனும் டாக்டரும் பேசிவைத்த கதை என்றே அன்று அவள் நினைத்திருந்தாள்.

இப்போது அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். நடுக்கம் நிற்கவில்லை.

பந்தலுக்கு முதலில் அவள்தான் வந்தாள். "இன்னொரு பாக்கெட்ட எவனாச்சும் பல்லால கடிச்சீங்க, ஊசி உங்க காதுலதான்!"

பின்னாலேயே வந்த அழகுபாண்டி பிள்ளையை மடியில் வைத்தான், காது குத்தியாயிற்று. கையில் தண்ணீர் பாக்கெட்டோடு நின்ற வெள்ளைத்துரை விடவில்லை.

"என்ன மாப்ள, ஒரு கட்டிங்கா, ரெண்டா?"

"குடிக்கப் போகல மாமா. குடிக்கணும்போல இருந்துச்சு, அதான் ஓடுனேன். இப்பவும் இருக்கு. கையில இருக்கிற பாக்கெட்டக் கீழ வைங்க."