சீக்கிரம் ஆறக் கூடாத புண்

இடது கண்ணில் பார்வை போனதே எனக்குத் தெரியாது. ஒத்தக்கடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் வலது கண்ணில் தூசி விழுந்து, பொத்திக்கொண்டேன். கடையே இருட்டாகிவிட்டது.

கண் அழுத்த நோய் (கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுப்பது) என்றார்கள். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணிலும் அழுத்தம் ஏறியிருந்தது, சொட்டு மருந்துக்கு மசியவில்லை.

மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணைக் காப்பாற்ற, நூல் மாதிரி ஒரு குழாயும் அதோடு சேர்ந்த சிறு தகடும் உள்ளே வைத்தார்கள். நீர் அதன் வழியே வடியும்.

"உடம்பு சும்மா இருக்காதும்மா. தகட்டைச் சுத்தித் தழும்பு கட்டி, வழிய அடைக்கப் பார்க்கும். அதை மட்டுப்படுத்தத்தான் இந்த ஸ்டீராய்டு சொட்டு. நீங்களா நிறுத்திராதீங்க," என்றார் டாக்டரம்மா.

மறுவாரம் கொட்டாம்பட்டியிலிருந்து என் அண்ணன் வந்தார். வாளியில் உயிரோடு விரால் மீன். அறுவை சிகிச்சை முடிந்த உடம்புக்கு எங்கள் பக்கம் அதைத்தான் ஆக்கிப் போடுவார்கள்.

"புண்ணு சடார்னு ஆறிரும், ஆத்தா."

"சடார்னு ஆறக் கூடாதுண்ணே."

"ஆறக் கூடாதுன்னு எந்த டாக்டரு சொல்லுவாக? கிறுக்கச்சி."

எனக்கு விரால் என்றால் உயிர். ஆனாலும் பயத்தில் தொடவில்லை. அண்ணன் கோபித்துக்கொண்டு, சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

சில வாரங்களில் அழுத்தம் மறுபடி ஏறியது. தழும்பு தடிக்கிறதாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சேதி கேட்டதும் அண்ணன் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கண்ணை மரக்க வைத்து, தகட்டின் பக்கத்தில் தழும்பை அடக்கும் ஊசி போட்டார்கள்.

கிளம்பும்போது அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இவ விரால் சாப்பிட்டா தழும்பு கூடிருமா டாக்டர்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தாராளமா சாப்பிடட்டும். சொட்டு மருந்த விட்டாத்தான் திட்டுவேன்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்று ராத்திரியே வீட்டில் விரால் குழம்பு. மூன்று பேருக்கான மீனை நானே தின்றேன்.

அழுத்தம் இறங்கியது, இறங்கியபடியே நிற்கிறது. உங்களுக்கும் இப்படி நடுவில் ஏறினால், எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மருந்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

முழுசாக எப்போது குணமாகும் என்று நான் இப்போது கேட்பதில்லை. காலையில் விழித்ததும் மின்விசிறியை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறேன். மூன்று இறக்கையும் தெரிகிறது. பக்கத்தில் தூங்கும் கணவரை எழுப்பிச் சொல்கிறேன்.

"தெனமும் இதே சேதிதானா?" என்கிறார்.

ஆமாம், தினமும் இதே சேதிதான்.